மால்குடியைக் கண்முன் நிறுத்திய சங்கர் நாக்

இவ்வாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, நாம் ஒரு நடிகரின் பெயரைச் சொன்னோம். குழுவில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். நாயன்மார் அறுபத்து மூவர் இருக்க, நாவலர் பெருமான் இருக்க, கூத்தாடி ஒருவன்தானா உமக்கு அகப்பட்டான் என்பது அப்பார்வையின் பொருள். வாய் திறந்து அவர் அவ்வாறு சொல்லவில்லை. சொல்லாமலே எமக்கு விளங்கிவிட்டது.

அவருடைய ஐயம் நியாயமற்றதன்று. சினிமா நடிகர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி அவர்களுக்குச் சண்டையிடும் வாலிபர்களை எமது ஊரிலும் காண்கின்றோம். ஆயினும் நடிப்பையும் நாடகத்தையும் எம் முன்னோர் இழிவாக எண்ணினார்களெனின், எமது திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி என்னும் நூலை இயற்றியிருக்கமாட்டார். துறவி ஒருவரே நாடகத்தைக் கையில் எடுக்கலாமெனின், நாடகத்துக்காக வாழ்ந்த ஒருவரின் சரிதத்தைச் சங்க மலரில் எழுதுவதால் தவறு வந்துவிடாது என்ற துணிவில் இதனை எழுதுகின்றோம்.

சங்கர் நாக் என்ற பெயரை நாம் முதலில் அறிந்தது சினிமாக் கொட்டகையில் அன்று, வகுப்பறையில். மிஷன் பாடசாலையில் நாம் கற்ற காலத்தில், ஆங்கில ஆசிரியை ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட சுவாமியும் நண்பர்களும் என்ற நாவலை வாசிக்கத் தந்தார். அதன் தொடக்கத்திலேயே ஒரு வேதபாட ஆசிரியர் வருகின்றார். அவர் இந்துக்களின் தெய்வங்களைப் பழித்துப் பேச, பத்து வயதுச் சுவாமிநாதன் எழுந்து எதிர்க்கேள்வி கேட்டுக் காதில் முறுக்கு வாங்குகின்றான். மறுநாள் அவன் தகப்பனார் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி அனுப்புகின்றார். இப்பகுதியை வாசித்தபோது வகுப்பிலிருந்த இந்து மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பதா, சும்மா இருப்பதா என்று தெரியவில்லை. கிறிஸ்தவரான எமது ஆசிரியையே முதலிற் சிரித்தார். அதன் பின் வகுப்பு முழுவதும் சிரித்தது. இக்கதை தொலைக்காட்சித் தொடராக வந்திருக்கின்றது, தேடிப் பாருங்கள் என்று அன்று அவர் கூறிய ஒரு சொல்லே எம்மைச் சங்கர் நாக்கிடம் கொண்டுசென்று சேர்த்தது.

அவர் 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் திகதி, கன்னட நாட்டின் வடகரைப் பகுதியிலுள்ள ஹொன்னாவரத்தை அடுத்துப் பிறந்தார். வீட்டில் வழங்கிய மொழி கொங்கணி. நாகர்கட்டே என்ற குடும்பப் பெயரே சுருங்கி நாக் ஆயிற்று. கல்வி முடிந்ததும் பம்பாய்க்குச் சென்றார். அங்கே அவரைப் பற்றிக்கொண்டது மராத்தி நாடகமேடை. அக்காலத்து மராத்தி நாடகம் வெறும் பொழுதுபோக்காய் இருக்கவில்லை. விஜய் தெண்டுல்கர் போன்றோர் எழுதிய நாடகங்கள் நகரத்தையே வாதிடச் செய்த காலம் அது. அந்த மேடையிற் பயின்றது அவருக்கு வாழ்நாள் முழுவதும் உதவியது. அருந்ததி என்ற நடிகையை அவர் சந்தித்ததும் அந்நாடக உலகிலேதான். 1980இல் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர்.

மூத்தவரான அனந்த் நாக் அப்போதே புகழ்பெற்ற நடிகர். சியாம் பெனகல் 1974இல் எடுத்த அங்குர் என்ற ஹிந்திப் படத்திலே நடித்துப் பெயர் பெற்றவர். அண்ணனின் நிழலிலே தம்பி ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். பலர் அப்படி வாழ்ந்து முடிந்தும் இருக்கின்றார்கள். சங்கருக்கு வாய்த்தது வேறு வழி. எழுத்தாளரும் நெறியாளருமான கிரீஷ் கர்னாட் 1978இல் ஒந்தானொந்து காலதல்லி என்ற கன்னடப் படத்தை எடுத்தார். முன்னொரு காலத்திலே என்பது அதன் பொருள். ஜப்பானிய நெறியாளர் குரோசாவாவின் வீரர் படங்களைப் போல, பகைகொண்ட இரு குறுநிலத் தலைவர்களுக்கு நடுவே கூலிக்குப் போர் செய்யும் வீரனின் கதை. அவ்வீரனாகச் சங்கர் நடித்தார். அடுத்த ஆண்டு புதுடில்லியில் நடைபெற்ற இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகருக்கான வெள்ளி மயில் விருது அவருக்குக் கிடைத்தது. முதற் படம், வயது இருபத்து நான்கு. எமது சங்கத்தின் இளைஞர் பலருக்கு இன்று அதே வயது.

இனி நடந்ததுதான் வியப்பு. இத்தகைய விருது பெற்ற ஒருவர் உயர்ந்த கலைப்படம் என்ற பீடத்தில் ஏறி அமர்ந்துகொள்வதே வழக்கம். சங்கரோ சண்டைப் படங்களிலே இறங்கினார். 1979இல் சீதாராமு, 1980இல் ஆட்டோ ராஜா. பின்வந்த படங்களிலே கராத்தே அடி, துப்பாக்கி, பொலிஸ் உடுப்பு. நாம் ஓட்டோ என்று எழுதும் முச்சக்கர வண்டியை ஓட்டுபவன் கதாநாயகனாய் வந்தது அக்காலத்தில் அவ்வண்டிக்காரர்களுக்குப் பெருமையாய் இருந்திருக்க வேண்டும். பெங்களூரில் இன்றும் ஓட்டோக்களின் பின்புறத்திலே அவருடைய முகம் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அவர் மறைந்த பின்னர் பிறந்த வாலிபர்களும் அந்தப் படத்தை ஒட்டிக்கொண்டு ஓடுகின்றார்கள். 1988இல் வந்த சாங்கிலியானா படத்தில் அவர் ஏற்றது பொலிஸ் அதிகாரியின் வேடம். உண்மையிலே கர்நாடகத்தில் பணியாற்றிய ஓர் அதிகாரியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளில் எண்பதுக்கு மேற்பட்ட படங்கள்! கணக்குப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல். இவற்றுட் பலவற்றை நாம் பார்க்க முயன்றோம். உள்ளதைச் சொன்னால், பாதியில் நிறுத்திவிட்டவையும் உண்டு. பெரியோர் சினிமாவைப் பற்றிச் சொல்லும் குறைகள் யாவும் அவற்றிற் பொருந்தும். ஆனால் அந்தப் படங்களிலே கிடைத்த ஊதியம் எங்கே சென்றது என்று பார்த்தால்தான் மனிதர் விளங்குகின்றார்.

முதலாவது, தாமே நெறியாண்ட படங்கள். 1980இல் மிஞ்சின ஓட்ட என்ற படத்தை எடுத்தார்; கார் திருடர்களின் கதை. அண்ணனும் தம்பியும் அதில் நடித்தனர். மாநில அரசின் சிறந்த படத்துக்கான விருதை அது பெற்றது. மறு ஆண்டு கீதா. அப்படத்துக்கு இசையமைத்தவர் எமது இளையராஜா. அதிலே எஸ். பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டொன்றின் மெட்டே பின்னர் 1984இல் நூறாவது நாள் என்ற தமிழ்ப் படத்தில் வந்து எமது வானொலிகளிலும் ஒலித்தது. தெரிந்தோ தெரியாமலோ சங்கர் நாக்கின் படத்துப் பாட்டை நாம் முணுமுணுத்திருக்கின்றோம்.

1987இல் கன்னடரின் பெருநடிகர் ராஜ்குமாரை வைத்து ஒந்து முத்தின கதெ என்ற படத்தை அவர் எடுத்தார். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின் முத்து என்ற சிறுநாவலைத் தழுவியது. முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனுக்குப் பெருமுத்து ஒன்று கிடைக்க, அதனாலேயே அவன் வாழ்வு குலைகின்றது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எமக்கு அக்கதை அயலூர்க் கதையாய்த் தோன்றவில்லை.

ஆக்ஸிடென்ட் என்ற படத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அரசியல்வாதி ஒருவரின் மகன் போதையிற் கார் ஓட்டி, நடைபாதையில் உறங்கும் ஏழைகளின் மேல் ஏற்றிவிடுகின்றான். தகப்பனார் தமது செல்வாக்கால் குற்றத்தை மூடப் பார்க்கின்றார். பத்திரிகையாளர் ஒருவர் உண்மையைத் தேடுகின்றார். அவ்வேடத்தைச் சங்கரே ஏற்றார். 1984ஆம் ஆண்டுக்கான இந்திய தேசியத் திரைப்பட விருதுகளிலே சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த படமாக அது தெரிவு செய்யப்பட்டது. தெருவில் இறக்கும் ஏழையின் உயிருக்கு விலை என்ன என்பதை அப்படம் கேட்கின்றது. எமது ஊர்த் தெருக்களிலும் கேட்கப்படவேண்டிய கேள்வியே அது.

இரண்டாவதாக, சங்கேத் என்ற ஒலிப்பதிவுக்கூடம். அந்நாளிலே கன்னடப் படமொன்றுக்குப் பாட்டுப் பதியவும் குரல் சேர்க்கவும் சென்னைக்கே செல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கலைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இரயில் ஏறினர். அந்நிலை மாறவேண்டுமென்று சங்கரும் அனந்தும் பெங்களூரிலேயே நவீன மின்கருவிகளுடன் கூடிய ஒலிப்பதிவுக்கூடத்தை நிறுவினர். கர்நாடகத்தில் அவ்வகையில் அதுவே முதலாவது. கடன் வாங்கிக் கட்டிய காரியம் அது என்பர். தமக்கு வசதியான ஒன்றை மட்டும் செய்திருக்கலாம். பிறரும் வந்து பயன்படுத்தும் ஒன்றைச் செய்தார்.

மூன்றாவதாக, நாடகம். படப்பிடிப்புக்கும் படப்பிடிப்புக்கும் இடையில் அவர் மேடையை விடவில்லை. சங்கேத் என்ற அதே பெயருடைய நாடகக் குழுவுடன் மராத்தியிலிருந்து தழுவிய நாடகங்களையும் கன்னடத்திலேயே எழுந்த நாடகங்களையும் அரங்கேற்றினார். நாட்டுக்கதையிலிருந்து கிரீஷ் கர்னாட் ஆக்கிய நாகமண்டல என்ற நாடகத்தையும் மேடையேற்றினார். மேடையில் வருமானம் இல்லை. சினிமாவிற் சம்பாதித்ததை மேடையிற் செலவழித்த நடிகர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி மால்குடிக்கு வருவோம். 1986இல் இந்திய அரசின் தூரதர்ஷனில் மால்குடி நாட்கள் என்ற தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இராமாயணத் தொடர் வந்து நாட்டையே தொலைக்காட்சியின் முன் உட்கார்த்தியது 1987 ஜனவரியில். அதற்குச் சில மாதங்கள் முந்தியது இது. தயாரித்தவர் டி. எஸ். நரசிம்மன், நெறியாண்டவர் சங்கர் நாக். முதற் பகுதிகள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எடுக்கப்பட்டன. எல். வைத்தியநாதன் இசையமைத்தார். நாராயணின் தம்பியும் கேலிச்சித்திரக்காரருமான ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் தொடக்கத்தில் வந்தன. சுவாமியாகச் சிறுவன் மஞ்சுநாத் நடித்தான். தகப்பனாராகக் கிரீஷ் கர்னாட் வந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் சங்கரை வாள் ஏந்தச் செய்தவர் இப்போது சங்கரின் நெறியாள்கையிலே சுவாமியைக் கண்டிக்கும் தகப்பனாரானார்.

மால்குடி என்று ஓர் ஊர் இல்லை. சென்னையிலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்து மைசூரிலே வாழ்ந்த நாராயண் தம் மனத்திற் கட்டிய ஊர் அது. சரயு என்று அதற்கு ஓர் ஆறு, ஒரு சந்தை வீதி, ஒரு மிஷன் பாடசாலை, ஓர் இரயில் நிலையம். இல்லாத ஊரை எங்கே படம் பிடிப்பது? சங்கர் நாக் தேர்ந்தது மேற்கு மலைத்தொடரிலுள்ள ஆகும்பே என்ற சிற்றூரை. ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம். எமது திருகோணமலையில் பெய்வதன் ஏறக்குறைய நான்கு மடங்கு. அங்குள்ள பழைய பெருவீடுகளின் திண்ணையும் முற்றமும் மரத்தூணும் தொடரிலே மால்குடி வீடுகளாயின. சிவமொக்கா மாவட்டத்திலுள்ள அரசாளு என்ற சிறிய புகையிரத நிலையம் மால்குடி நிலையமாயிற்று. அந்நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் மால்குடி நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. இல்லாத ஊருக்கு ஒரு நூதனசாலை! நடிப்பு பொய் என்போர் இதற்கு என்ன சொல்வார்களோ அறியோம்.

தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கதையைக் கொங்கணி பேசும் கன்னட நடிகர் ஹிந்தியிலே எடுக்க, ஈழத்துக் கிழக்குக் கரையில் இருக்கும் நாம் அதைப் பார்த்து எம் வீட்டுக் கதை என்கின்றோம். அரைப்பரீட்சைக்கு முன் வரும் வயிற்றுவலி, பாட்டியிடம் ஒளித்துச் சொல்லும் இரகசியம், பணமில்லாமல் தொடங்கும் கிரிக்கெட் சங்கம் இவையெல்லாம் லிங்கநகரிலும் உள்ளவையே. தன் கதைகளைப் பிறர் படமாக்கியதில் நாராயண் முன்னர் மனம் நொந்திருந்தார். வழிகாட்டி என்ற அவருடைய நாவல் 1965இல் கைட் என்னும் ஹிந்திப் படமானபோது மால்குடியே அதிற் காணாமற் போயிற்று என்று அவர் வருந்தியது பலரும் அறிந்தது. சங்கரின் தொடரிலே அக்குறை நேரவில்லை.

அத்தொடர் வந்த நாட்களில் எமது ஊர்ப் பெரியோர் மாலைவேளையில் அமைதியாக அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கும் நிலையில் இருந்தாரல்லர். அவ்வாண்டுகளை அவர்கள் எமக்குச் சொல்லியிருக்கின்றார்கள். ஆகவே அவர்கள் தவறவிட்டதைப் பேரப்பிள்ளைகளாகிய நாம் இப்போது கைபேசியில் பார்க்கின்றோம். எமது வீட்டில் அம்மம்மாவுக்கு மொழி விளங்கவில்லை. ஆயினும் இராஜம் இரயிலில் ஏறிப் போக, சுவாமி நடைமேடையில் ஓடும் இடத்தில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரிந்து போன இரயில்களும் கப்பல்களும் அவருக்கும் எத்தனையோ.

1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 30ஆம் திகதி, ஜோகுமாரசுவாமி என்ற படத்தின் படப்பிடிப்புக்குக் குடும்பத்தோடு காரிற் சென்றுகொண்டிருக்கையில், தாவணகெரேயை அடுத்த ஆனகோடு என்னுமிடத்தில் நேர்ந்த விபத்தில் சங்கர் நாக் உயிர் நீத்தார். மனைவியும் சிறுமியான மகளும் காயங்களுடன் தப்பினர். முப்பத்தாறு வயது நிறைய இன்னும் நாற்பது நாள் இருந்தது. விபத்தைப் பற்றிப் படமெடுத்தவர் விபத்திலேயே மாண்டார் என்று சிலர் விதியின் விளையாட்டாக எழுதுவதுண்டு. எமக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. தெருவிலே இறக்கும் எவரும் விதிக்கு எடுத்துக்காட்டாக இறப்பதில்லை.

விட்டுச் சென்றவை கடனும் கனவும். பெங்களூருக்கு மின்சார நகர இரயில் வேண்டும், நந்தி மலைக்குக் கம்பிவழி ஊர்தி வேண்டும், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு வேண்டும் என்றெல்லாம் அவர் திட்டம் வரைந்து அலைந்தார் என்பதை அவருடன் பழகியோர் இன்றும் சொல்கின்றார்கள். நடிகனுக்கு ஏன் இந்த வேலை என்று அன்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். பெங்களூரில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது 2011இல்.

இன்னொரு கனவு, நாடகத்துக்கென்றே ஓர் அரங்கு. திருமண மண்டபத்திலும் பாடசாலை மண்டபத்திலும் மன்றாடி இடம் பெறாமல், சாதாரண மக்கள் குறைந்த கட்டணத்தில் நாள்தோறும் நாடகம் பார்க்கக்கூடிய அரங்கு. இதனை நிறைவேற்றியவர் அருந்ததி அம்மையார். காயம் ஆறி எழுந்து, 1992இல் சங்கேத் அறக்கட்டளையை நிறுவி, அரசிடம் நிலம் கேட்டு, கலைஞர்களிடமும் செல்வரிடமும் பொருள் திரட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். கணவர் திரைத்துறையில் வாழ்ந்ததும் அதே பன்னிரண்டு ஆண்டுகளே. 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பெங்களூர் ஜே. பி. நகரில் அவ்வரங்கம் திறக்கப்பட்டது. ரங்க சங்கரா என்பது அதன் பெயர். முந்நூறுக்கு மேற்பட்டோர் அமரலாம். கன்னடம் மட்டுமன்றிப் பல மொழி நாடகங்களும் அங்கே நடைபெறுகின்றன. ஈழத்தில் எம்மூரில் இத்தகைய அரங்கு ஒன்று இல்லையே என்று ஏங்காமல் அதன் படங்களைப் பார்க்க எம்மால் முடியவில்லை.

அவ்வரங்கின் ஒரு விதியை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். குறித்த நேரத்திலே நாடகம் தொடங்கிவிடும். தொடங்கியதும் கதவு அடைக்கப்படும். பிந்தி வருபவர் எத்துணைப் பெரியவராயினும் வெளியேதான். எமது சென்ற நவராத்திரி விழாவிலே நாம் நடித்த நாடகம் மாலை ஆறரைக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டு, எட்டு மணியும் கடந்த பின் திரை விலகியது. ஒலிபெருக்கி வந்து சேரவில்லை. தலைமை தாங்க வேண்டியவரும் வந்து சேரவில்லை. கதாநாயகனாகிய நாமே ஒட்டிய மீசை விழுந்துவிடுமென்ற பயத்தில் வாய் திறவாமல் ஒன்றரை மணி நேரம் திரைக்குப் பின்னால் நின்றோம்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்த அப்பெரியவரிடம் இக்கட்டுரையின் முதற் படியைக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். ஒற்றுப்பிழைகள் ஏழெட்டைச் சிவப்பு மையிலே திருத்தியிருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. வாசற்படி இறங்கும்போது மட்டும் திரும்பி, அந்தப் பையன் கதையை எப்படிப் பார்ப்பது தம்பி, பேரனிடம் சொன்னால் போட்டுக் காட்டுவானா என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை நாமே சென்று போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கின்றோம்.